செவிக்குள் நடக்கும் சிருஷ்டி

மும்பை தாராவியில் விடியல் வெளிச்சமாக வருவதற்கு முன்பே ஓசையாக வந்துவிடுகிறது. குழாயடியில் குடங்கள் உரசுகின்றன. தொண்ணூறு அடிச் சாலையில் கைவண்டிகள் உருளத் தொடங்குகின்றன. ஒருபுறம் சயான் தண்டவாளத்திலும் மறுபுறம் மாஹிம் தண்டவாளத்திலும் முதல் லோக்கல் ரயில்கள் அதிர்ந்து போகின்றன. பள்ளிவாசலின் பாங்கொலியும் பிள்ளையார் கோயில் மணியும் மாதா கோயில் மணியும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழ, தகரம் தட்டும் பட்டறைகள் கதவு திறக்கின்றன. இத்தனைக்கும் நடுவே, பத்துக்குப் பத்து அறையின் அடுப்படியில் நிற்கிற ஒரு தாய், நாலு வீடு தள்ளி விளையாடப் போன தன் பிள்ளையின் சிணுங்கலைக் கேட்டு, "ஏலே, என்னாச்சு?" என்று வாசலுக்கு வருகிறாள். ஆயிரம் ஓசைகள் கலந்து கிடக்கும் தெருவில் தன் பிள்ளையின் குரல் ஒன்றை மட்டும் அவள் பிரித்தெடுத்துவிட்டாள்.

எப்படிக் கண்டுகொண்டாய் என்று கேட்டால் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள். நாமும் அப்படித்தான் வாழ்கிறோம். கிரகணம் பார்க்க மொட்டை மாடியில் கூடுகிற நாம், நம் தலையின் இரு பக்கத்திலும் நொடிதோறும் நிகழும் அற்புதத்தை ஒருநாளும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. அந்தத் தாயின் செவிப்பறையைத் தொட்டது ஒரே ஓர் அதிர்வுதான் என்பதை எண்ணிப் பாருங்கள். ரயில், மணி, தகரம், குழந்தை என்று தனித்தனியாக எதுவும் அவள் காதுக்குள் நுழையவில்லை. எல்லாம் கலந்து கூடி, காற்றின் ஒற்றை நடுக்கமாகவே அங்கே வந்து சேர்ந்தன. அந்த ஒற்றை நடுக்கத்தைப் பிரித்து, இது ரயில், இது மணி, இது என் குழந்தை என்று பெயரிட்டது அவளுடைய மூளை. கூட்டத்தின் இரைச்சலில் ஒரு குரலை மட்டும் நாம் எப்படிப் பின்தொடர்கிறோம் என்ற கேள்வியை இங்கிலாந்தில் பணியாற்றிய கொலின் செர்ரி 1953-இல் ஆய்வாக எடுத்துக்கொண்டார். அன்று முதல் அறிவியல் அந்தக் கேள்வியின் முன்னால் வியந்து நிற்கிறது.

அந்த நடுக்கம் போகும் வழியை ஒருமுறை பணிவோடு பின்தொடர்வோம்.

செவிப்பறைக்குப் பின்னால் மூன்று சிற்றெலும்புகள். சுத்தி, பட்டடை, அங்கவடி என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அங்கவடிதான் மனித உடலிலேயே மிகச் சிறிய எலும்பு. அதன் உயரம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். இவை ஏன் அங்கே இருக்கின்றன? உட்செவி நிறைய நீர்மம். காற்றில் வரும் ஒலி நேராக நீரில் மோதினால் அதன் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும். மீதி அனைத்தும் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடும். அந்த இழப்பை ஈடுகட்டவே இந்த மூன்று எலும்புகள் நெம்புகோலாகக் கைகோத்து நிற்கின்றன. அகன்ற செவிப்பறையில் விழுந்த அழுத்தத்தைச் சின்னஞ்சிறு அங்கவடியின் பாதத்தில் குவித்து, ஏறக்குறைய இருபது மடங்காக்கி நீர்மத்துக்குள் தள்ளுகின்றன. இவற்றின் பழைய வரலாறு இன்னும் மெய்சிலிர்க்க வைப்பது. நம் சுத்தியும் பட்டடையும் பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஊர்வனவற்றின் தாடையில் மூட்டாக இருந்தவை. கடித்துத் தின்ன உதவிய எலும்பை, மெல்லச் செதுக்கி, இசை கேட்கும் எலும்பாக்கி வைத்திருக்கிறது இயற்கை. அதன் பொறுமைக்குக் காலக்கெடு கிடையாது.

அங்கவடியைத் தாண்டினால் நத்தைக்கூட்டின் வடிவில் சுருண்டிருக்கும் காக்ளியா. இரண்டரைச் சுற்றுக்குச் சற்று மேல். நீட்டி வைத்தால் 35 மில்லிமீட்டர்தான் வரும். அதன் நெடுகிலும் ஓடும் மெல்லிய சவ்வில், வீணையின் மெட்டுகளைப் போல, ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு சுருதி உண்டு. வாசலருகே உச்சக் குரல்கள், உள்ளே போகப்போகக் கீழ் சுருதிகள். இந்தச் சவ்வில் ஓடும் அலையைக் கண்டு சொன்ன கியோர்க் ஃபான் பெகேஷிக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது. சவ்வின்மேல் வரிசை வரிசையாக மயிர்ச் செல்கள். ஒரு காதில் உள்வரிசைச் செல்கள் ஏறக்குறைய 3,500, வெளிவரிசைச் செல்கள் ஏறக்குறைய 12,000. கண்ணின் விழித்திரையில் ஒளியுணரும் செல்கள் பத்துக் கோடிக்கும் மேல். அத்தனை பெரிய சேனை இங்கே இல்லை. கையடக்கமான இந்தச் சிறு கூட்டத்தை நம்பித்தான் தாலாட்டும் தேவாரமும் திட்டும் கொஞ்சலும் நம்மை வந்தடைகின்றன.

ஒவ்வொரு மயிர்ச் செல்லின் தலையிலும் நுண்ணிழைக் கற்றை ஒன்று நிற்கிறது. அந்த இழைகளின் நுனிகளை இன்னும் மெல்லிய இழைகள் பிணைக்கின்றன. ஒலி வந்து கற்றை சாய்ந்தால் பிணைப்பிழை இழுபட்டு, செல்லின் சுவரில் ஒரு நுண்வாசல் திறக்கிறது. மின்னூட்டம் கொண்ட அணுக்கள் உள்ளே பாய்கின்றன. அந்தக் கணத்தில் காற்றின் நடுக்கம் நரம்பின் மொழியாகிவிடுகிறது. கற்றை எவ்வளவு சாய்ந்தால் போதும்? ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கு. மிகச் சன்னமான ஒலிக்கு அதைவிடவும் குறைவு. அணுவின் அகலத்தில் நடக்கும் அசைவை நாம் ஓசையென்று உணர்கிறோம். அதே செவிதான் கணபதி விசர்ஜன ஊர்வலத்தின் முரசொலியையும் தாங்குகிறது. நம் காதுக்கு எட்டும் மிகச் சன்னமான ஒலிக்கும், வலியெடுக்க வைக்கும் ஒலிக்கும் இடையே ஆற்றலில் ஒரு லட்சம் கோடி மடங்கு வேறுபாடு. மனிதன் செய்த எந்தத் தராசு, ஒரு தூசியையும் ஒரு மலையையும் ஒரே தட்டில் நிறுத்திருக்கிறது?

காது கேட்பதோடு நிற்பதில்லை, தானே மெல்ல ஒலிக்கவும் செய்கிறது. வெளிவரிசை மயிர்ச் செல்கள் ஒலிக்கேற்ப நீண்டும் குறுகியும் ஆடி, வந்த ஓசையைப் பெருக்கித் தருகின்றன. அந்த ஆட்டத்தின் எதிரொலி காதிலிருந்து வெளியேயும் வருகிறது. லண்டனில் டேவிட் கெம்ப் 1978-இல் நுண்ணிய ஒலிவாங்கியைக் காதுக்குள் வைத்து அதைப் பதிவு செய்தார். தொட்டிலில் தூங்கும் சிசுவின் காதும் இப்படித் தன் இருப்பை மெல்லச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி மூளை. அந்தத் தாய் வலப்பக்க வாசலுக்குத்தான் வந்தாள், இடப்பக்க ஜன்னலுக்குப் போகவில்லை. பிள்ளையின் குரல் அவளுடைய வலக்காதை முதலிலும் இடக்காதை ஒரு கணம் கழித்தும் தொட்டது. தலையின் அகலத்தைக் கடக்கும் அந்த இடைவெளி, மிஞ்சிப் போனால் ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஏழு பங்கு. நொடியின் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு வேறுபாட்டைக்கூட நம் மூளைத்தண்டு கண்டுகொள்ளும். நரம்பில் ஓடும் ஒரு மின்துடிப்பே நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் நீடிப்பது. அதாவது, தன் கையிலிருக்கும் அளவுகோலின் மிகச் சிறிய கோட்டைக் காட்டிலும் நூறு மடங்கு நுட்பமாக அளந்து காட்டுகிறது மூளை. பல நரம்புகளை ஒன்றுசேர்த்து, அவற்றின் துடிப்புகள் ஒரே கணத்தில் வந்து கூடுகின்றனவா என்று பார்த்து, அது இதைச் சாதிக்கிறது. இதை எழுதும்போது என் கை தானாகக் குவிகிறது.

இன்னொன்றும் உண்டு. காதிலிருந்து மூளைக்கு நரம்பு போவது எல்லாருக்கும் தெரியும். மூளையிலிருந்து காதுக்கும் நரம்பு வருகிறது என்பதை 1946-இல் கிராண்ட் ராஸ்முசன் விளக்கமாக வரைந்து காட்டினார். எதைக் கூர்ந்து கேட்க வேண்டும், எதை அடக்க வேண்டும் என்று மூளை கீழே செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. நம் நினைவும் அன்பும் அச்சமும் இறங்கிவந்து காதை இயக்குகின்றன. தாய் தன் பிள்ளையைக் கேட்டது அவளுடைய காதின் கூர்மையால் மட்டுமா? அவன் பிறந்த நாள் முதல் அவள் கேட்டுவந்த அத்தனை அழுகைகளும் அந்தக் காதுக்குள் அவளோடு சேர்ந்து கேட்டன. நாம் கேட்டது நம்மைச் செதுக்குகிறது, செதுக்கப்பட்ட நாம் மறுபடி கேட்கிறோம். இந்த நூற்றாண்டின் நரம்பியல் கண்டு சொன்னவற்றில் என்னை மிகவும் கலங்க வைத்ததும் நம்பிக்கை தந்ததும் இதுதான்.

தாராவியின் தமிழர்களில் பெரும்பாலானோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் வழியினர். ஒரு காலத்தில் ஊருக்குப் பேச எஸ்.டி.டி. பூத் வாசலில் வரிசையில் நின்றார்கள். ஆணின் குரலுக்கு அடிச்சுருதி நொடிக்கு ஏறக்குறைய நூறு, நூற்றிருபது அதிர்வுகள். அந்தத் தொலைபேசிக் கம்பியோ 300 அதிர்வுக்குக் கீழே உள்ள எதையும் கடத்தாது. ஊரிலிருந்து பேசிய அப்பாவின் குரலின் அடிநாதம் மும்பைக்கு வந்து சேரவே இல்லை. வந்தவை அதன் மடங்குகளாக எழும் மேல் சுரங்கள் மட்டுமே. ஆனாலும் மகன் கேட்டது அப்பாவின் கனத்த குரலைத்தான். மேல் சுரங்களின் ஒழுங்கைப் பார்த்து, விடுபட்ட அடிநாதத்தை அவனுடைய மூளையே உண்டாக்கி உள்ளே ஒலிக்க வைத்தது. ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தாண்டி வந்த குரலில் இல்லாத பகுதியை மகன் தன்னுள்ளிருந்தே எடுத்துக் கொடுத்தான். இன்று கைப்பேசியின் குட்டி ஒலிபெருக்கியில் நாம் பாட்டுக் கேட்கும்போதும் இதே கருணை நடந்துகொண்டிருக்கிறது.

மேல் சுரங்களின் அந்த ஒழுங்கைத் தோலிலும் கொண்டுவர முடியும் என்று காட்டியவர்கள் நம் மிருதங்கம் செய்யும் கைவினைஞர்கள். சாதாரணமாகத் தோல் வாத்தியத்தின் மேல் சுரங்கள் ஒன்றோடொன்று பொருந்தா. அதனால்தான் பறையிலும் முரசிலும் தாளம் கேட்கும், சுருதி கேட்காது. மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையின் நடுவே படிப்படியாகத் தேய்த்து ஏற்றப்படும் கரணை என்னும் கரும்பூச்சு அந்தச் சுரங்களை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது என்று 1920-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன். எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமல், தட்டிக் கேட்டு, மீண்டும் தேய்த்து, காதையே கருவியாகக் கொண்டு தலைமுறை தலைமுறையாக அதைச் செய்தவர்களின் பெயர்கள் எந்த இதழிலும் இல்லை. மாட்டுங்காவின் சண்முகானந்தா சபை 1952-இல் தொடங்கி, 1963-இல் அரங்கம் கண்டு, 1990-இல் தீக்கு இரையாகி, 1998-இல் மறுபடி எழுந்து நிற்கிறது. அங்கே தனி ஆவர்த்தனத்துக்குக் கை தட்டும்போது அந்தப் பெயரற்ற காதுகளுக்கும் சேர்த்துத் தட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

கேட்பது எப்போது தொடங்குகிறது? கருவிலேயே. ஆறாம் மாதம் முடிவதற்குள் சிசுவுக்குக் காது திறந்துவிடுகிறது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள், தாயின் குரல் ஒலிக்க வேண்டுமென்று தாம் சப்பும் வேகத்தை மாற்றிக்கொண்டதை 1980-இல் அமெரிக்காவில் ஆந்தனி டிகாஸ்பரும் வில்லியம் ஃபைஃபரும் கண்டார்கள். நம் நாட்டில், தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் ஷஷி வாத்வாவும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் கோழி முட்டைகளோடு இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்தார்கள். இருபத்தொரு நாளில் பொரியும் முட்டைக்கு, பொரிவதற்கு முன்பே தாய்க்கோழியின் கூவலையும் சிதார் இசையையும் கேட்க வைத்தார்கள். அந்தக் குஞ்சுகளின் மூளையில் செவிப்புலப் பகுதிகள் செழித்திருந்தன. நினைவுக்குரிய பகுதியான ஹிப்போகாம்பஸிலும் மாற்றம் இருந்தது. பின்னர் 2013-இல் வெளியான அவர்களுடைய ஆய்வைப் படித்தபோது நான் வெகுநேரம் வேறெதுவும் படிக்கவில்லை. ஒரு கூட்டம் முட்டைகளுக்கு உரத்த இசை. இன்னொரு கூட்டத்துக்கு அதே அளவு உரத்த, ஒழுங்கற்ற இரைச்சல். இசை கேட்டுப் பிறந்த ஒரு நாள் குஞ்சுகள் வழி கண்டுபிடிக்கும் சோதனையில் தேறின. இரைச்சல் கேட்டுப் பிறந்தவை பின்தங்கின. அவற்றின் ஹிப்போகாம்பஸில் நரம்பிணைப்புகளும் குறைவு. ஓட்டுக்குள் கண்மூடிக் கிடக்கும் ஓர் உயிருக்கு இசை எது, இரைச்சல் எது என்று தெரிந்திருக்கிறது.

பிறந்த பிறகு முதல் ஆண்டில் நடப்பது அதைவிடப் பெரிது. கனடாவின் வான்கூவரில் ஜேனட் வெர்க்கர் 1980-களின் தொடக்கத்தில் இந்தி ஒலிகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். பல்லைத் தொடும் 'த', நாவை மடக்கும் 'ட'. ஆங்கிலம் மட்டுமே பேசும் பெரியவர்களுக்கு இந்த வேறுபாடு காதில் விழவே இல்லை. அவர்களுடைய ஆறேழு மாதக் குழந்தைகளுக்கோ தெளிவாகக் கேட்டது. ஓராண்டு நிறைவதற்குள் அந்தக் குழந்தைகளும் அதை இழந்துவிட்டன. பிறக்கும்போது எல்லா மனித மொழிகளின் ஒலிகளுக்கும் திறந்திருக்கும் செவி, தன்னைச் சுற்றிப் பேசப்படுவதற்கு மட்டும் தன்னை ஒப்படைத்துவிட்டு மற்ற வாசல்களை மெல்லச் சாத்திக்கொள்கிறது. செம்பூரில் வளரும் ஒரு தமிழ்க் குழந்தையை எண்ணிப் பாருங்கள். வீட்டில் தமிழ், படிக்கட்டில் மராத்தி, கடையில் இந்தி. லகரமும் ளகரமும் ழகரமும் அதன் தலைக்குள் மூன்று தனித்தனி இடங்களில் குடியேறுவது அகரமுதலி பார்த்து அல்ல. பாட்டி மடியில் கிடந்து, ஒரு சொல்லும் புரியாத நாள்களில் கேட்டுக் கேட்டுத்தான். திருவள்ளுவர் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்துக் கேள்விக்கென்று ஓர் அதிகாரம் வைத்து, அதற்குப் பின்னரே அறிவுடைமைக்குப் போனது தற்செயலாக இருக்க முடியாது.

இந்தச் செதுக்கலைக் கண்ணால் பார்க்க முடியுமா? அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நீனா கிராஸ் என்னும் நரம்பியல் அறிஞர் வாழ்நாளெல்லாம் செய்தது அதைத்தான். தலையில் சில மின்வாய்களை ஒட்டி, காதில் ஓர் ஒலியைச் செலுத்தி, மூளையில் எழும் மின்னலையைப் பதிவு செய்கிறார். அந்த மின்னலையை ஒலிபெருக்கியில் கொடுத்தால், காதில் செலுத்திய அதே ஒலி மங்கலாகத் திரும்ப ஒலிக்கிறது! மூளை கேட்டதை நாம் கேட்கிறோம். ஒருவருடைய மூளையில் அந்த ஒலி துலக்கமாக இருக்கிறது, இன்னொருவருடையதில் கலங்கியிருக்கிறது. அந்த வேறுபாட்டில் அவர்கள் எதைக் கேட்டு வளர்ந்தார்கள் என்பதன் தடம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகரில், வன்முறைக் கும்பல்கள் நிறைந்த பகுதிகளில் வாழும் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாக இசை கற்பிக்கும் ஓர் அமைப்பு உண்டு. அந்தப் பிள்ளைகளைக் கிராஸ் குழு தொடர்ந்து அளந்து 2014-இல் முடிவை வெளியிட்டது. ஓராண்டுப் பயிற்சிக்குப் பின் மூளையில் மாற்றம் தெரியவில்லை. இரண்டாண்டுக்குப் பின் தெரிந்தது. பேச்சொலிகளை அவர்களுடைய மூளை முன்னிலும் துல்லியமாகப் பிரித்தறிந்தது. முதல் ஆண்டின் முடிவில் பலனில்லை என்று பாட்டு வகுப்பை நிறுத்திவிடும் பெற்றோர் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

தாராவியில் பெயின்ட் டப்பாக்களையும் பிளாஸ்டிக் பீப்பாய்களையும் தட்டி இசைக்கும் 'தாராவி ராக்ஸ்' பிள்ளைகள் இருக்கிறார்கள். 2018-இல் வந்த 'காலா' படத்தில் தங்கள் தெருவின் தமிழில் ராப் பாடிய இளைஞர்களும் அங்கிருந்து வந்தவர்களே. தகரம் தட்டும் இரைச்சலுக்குள் பிறந்து, அந்தத் தகரத்தையே தாளமாக்கிக்கொண்ட காதுகள் அவை. அதை வெறும் பொழுதுபோக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நியூயார்க்கின் ஒரு தொடக்கப்பள்ளியில் ஒரு பக்க வகுப்பறைகள் உயர்த்தப்பட்ட ரயில் பாதையை ஒட்டி இருந்தன. அங்கே படித்த பிள்ளைகள், அதே பள்ளியின் அமைதியான பக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் ஓராண்டு வரை பின்தங்கியிருந்ததை 1975-இல் ஆர்லின் பிரான்சாஃப்ட் வெளிப்படுத்தினார். தண்டவாளத்தில் ரப்பர் பட்டைகள் வைத்து, வகுப்பறைகளில் ஒலியுறிஞ்சும் பலகைகள் பொருத்திய பின் அந்த இடைவெளி மறைந்தது. 1981-இல் அவரே அதையும் எழுதினார். அதே ஆசிரியைகள், அதே பாடம், அதே ஏழ்மை. மாறியது ஓசை ஒன்றுதான். இரண்டு ரயில் பாதைகளுக்கு நடுவே படிக்கும் நம் பிள்ளைகளைப் பற்றி நாம் யோசிக்க வேண்டாமா?

கேட்டது நினைவாவது எங்கே? காதுக்கு நேர் உள்ளே, மூளையின் அடிமடிப்பில், கடற்குதிரை வடிவில் ஹிப்போகாம்பஸ். ஹென்றி மொலைசன் என்னும் அமெரிக்க இளைஞருக்கு 1953-இல் வலிப்பு நோய்க்காக இருபுறமும் அந்தப் பகுதியை அகற்றினார்கள். அதன்பின் 2008-இல் இறக்கும் வரை எந்தப் புதிய முகமும் எந்தப் புதிய பெயரும் அவரிடம் தங்கவில்லை. அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர் ஒவ்வொரு முறை அறைக்குள் வரும்போதும் அவருக்கு அது முதல் சந்திப்பு. நேற்று என்பது நமக்கு இருக்கிறதே, அது எத்தனை பெரிய வரம்!

அந்த வரத்தைப் பயிற்சியால் விரிக்க முடியுமா? ஹரியாணாவின் மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் ஜேம்ஸ் ஹார்ட்ஸெல், நந்தினி சட்டர்ஜி சிங் குழுவினர், சிறுவயது முதல் ஏட்டைச் சாராமல் செவிவழியே யஜுர்வேதம் பயின்ற 21 பேரின் மூளைகளை ஸ்கேன் செய்தார்கள். அவர்களையொத்த மற்றவர்களோடு ஒப்பிட்டால், மொழிக்கும் நினைவுக்கும் உரிய பல பகுதிகளில், குறிப்பாக வலது ஹிப்போகாம்பஸில், சாம்பல்நிறப் பொருள் மிகுந்திருந்தது. 2016-இல் வெளியான அந்த ஆய்வு பேசுவது ஒரு மரபைப் பற்றி. செவிவழிக் கல்வியோ எல்லா மரபுக்கும் பொது. கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவாரும், குர்ஆனை முழுதும் நெஞ்சில் ஏந்திய ஹாஃபிஸும் அதே வழியில் வந்தவர்கள். ஒரே நேரத்தில் நூறு செய்திகளில் கவனம் வைத்து, 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்துகாட்டிய இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலரும் அப்படித்தான். மும்பையில் பிறந்த அருணா சாயிராமும், இந்நகரில் வளர்ந்த பம்பாய் ஜெயஸ்ரீயும் குருவின் எதிரே உட்கார்ந்து, அவர் பாட, தாம் பாட, திரும்பத் திரும்பக் கேட்டுக் கற்றவர்கள். திரும்பத் திரும்பத் தூண்டப்படும்போது நரம்புகளுக்கிடையேயான இணைப்பு உறுதிப்படுகிறது என்பதை 1973-இல் டிம் பிளிஸ், டேரியே லோமோ இருவரும் முயலின் ஹிப்போகாம்பஸில் அளந்து காட்டினார்கள். பகலில் கற்றதை மூளை உறக்கத்தில் மறுபடி ஓட்டிப் பார்த்துப் பதித்துக்கொள்கிறது என்பதும் பிறகு தெரிந்தது. உறங்கும் குழந்தையின் தலைக்குள் பாடம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் நள்ளிரவில் அலறும் ஒலிபெருக்கி வெறும் தொந்தரவு அல்ல, நடக்கும் பாடத்தைக் கலைப்பது. குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபல்தான் எல்லை, இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. எந்தத் தெய்வத்துக்கும் அதற்கு மேல் சத்தம் தேவைப்படும் என்று நான் நம்பவில்லை.

உரத்த சத்தத்துக்கு அஞ்ச இன்னொரு காரணமும் உண்டு. காக்ளியாவில் நாம் கண்ட மயிர்ச் செல்கள் மறுபடி முளைப்பதில்லை. கோழிக்கும் குருவிக்கும் முளைக்கும், நமக்கு முளைக்காது. பிறக்கும்போது ஒவ்வொரு காதுக்கும் கிடைத்த ஏறக்குறைய பதினைந்தாயிரம்தான் ஆயுளுக்கும். உரத்த ஒலிக்குப் பின் காது அடைத்து, மறுநாள் சரியானாலும், செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகள் அறுந்தே கிடக்கின்றன என்பதை ஹார்வர்டில் ஷாரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும் 2009-இல் எலிகளில் கண்டார்கள். சோதனையில் காது நன்றாக இருக்கும். கூட்டத்தில் பேச்சு புரியாது. பட்டறைகளில் நாளெல்லாம் தகரம் தட்டும் நம் சகோதரர்களுக்குக் காதடைப்பான் வாங்கித் தருவது முதலாளிகளின் கடமை. அதன் விலை ஒரு தேநீருக்கு மேல் போகாது.

சில குழந்தைகள் கேளாமலே பிறக்கின்றன. மூளையில் அவற்றின் செவிப்புலம் காத்திருக்கிறது, என்றென்றைக்குமாக அல்ல. அமெரிக்காவில் ஆய்வு செய்யும் அனு ஷர்மா, கேட்க வைக்கும் காக்ளியா கருவி உட்செவியில் பொருத்தப்பட்ட குழந்தைகளின் மூளை அலைகளை அளந்து 2002-இல் ஒன்றைக் காட்டினார். மூன்றரை வயதுக்குள் ஒலி கிடைத்த பிள்ளைகளின் மூளை சில மாதங்களிலேயே மற்றப் பிள்ளைகளை எட்டிப்பிடிக்கிறது. ஏழு வயதுக்குப் பின் என்றால் பெரும்பாலோருக்கு அது எட்டாது. ஒலி வராத இடத்தைக் கண்ணும் தொடுவுணர்வும் எடுத்துக்கொண்டுவிடுகின்றன. சைகை மொழியில் அந்தப் பிள்ளைகளின் அறிவு முழுமையாக மலரும். ஆனால் அதுவும் முதல் ஆண்டுகளிலேயே கிடைக்க வேண்டும். எந்த மொழியும் இல்லாமல் கழியும் குழந்தைப் பருவம்தான் உண்மையான இழப்பு.

முன்பு சொன்னேனே, தூங்கும் சிசுவின் காது தானே எழுப்பும் மெல்லிய எதிரொலி. அதை வைத்துத்தான் இன்று பிறந்த குழந்தையின் செவித்திறனைச் சில நிமிடங்களில் சோதிக்கிறார்கள். ஊசி இல்லை, வலி இல்லை, குழந்தை விழிக்கக்கூட வேண்டாம். பிறவிச் செவிக்குறையைக் கண்டறிவது 2013 முதல் நடக்கும் தேசியச் சிறார் நலத் திட்டத்திலும் இடம்பெற்றிருக்கிறது. தாராவிக்கு எட்டும் தூரத்தில், பாந்த்ரா ரெக்ளமேஷனில், 1983 முதல் அலி யாவர் ஜங் தேசிய செவித்திறன் நிறுவனம் இயங்குகிறது. சயான் மருத்துவமனையில் காது-மூக்கு-தொண்டைப் பிரிவு இருக்கிறது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ குழந்தை பிறந்திருந்தால், தடுப்பூசி அட்டையைப் பார்க்கும்போதே 'காதைச் சோதித்தீர்களா?' என்றும் கேளுங்கள். ஒரு மாதத்துக்குள் சோதனை, குறையிருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை அல்லது பயிற்சி தொடங்குதல்: மருத்துவர்கள் உலகெங்கும் பின்பற்றும் கணக்கு இதுதான்.